தாத்தாவின் ராணுவத் தொப்பி அசல்தானா? நூலும் தையலும் தரும் சாட்சியம்

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளின் குடும்பங்களில், பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறக்கும்போது எப்போதாவது ஒரு தொப்பி வெளிப்படுவதுண்டு. முன்பக்கம் கறுப்பு விளிம்பும் உள்ளே தோல் பட்டையும் கொண்ட, 'பீக் கேப்' எனப்படும் அதிகாரித் தொப்பி அது. உட்புறத்தில் லண்டன் கடை ஒன்றின் பெயர் இருக்கும். நெற்றியில் அசோகச் சிங்கச் சின்னம் இருக்கும். பிரிட்டிஷ் காலத் தொப்பியில் குடியரசுச் சின்னம் எப்படி வந்தது என்று ஐயம் எழும். பழம்பொருள் விற்பவரிடம் காட்டினால், 'சின்னம் மாற்றப்பட்டுள்ளது, அசல் அல்ல' என்று விலையைக் குறைக்கவும் கூடும்.

ஆனால், அந்தத் தொப்பி முற்றிலும் அசலானதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். 1947 ஆகஸ்ட் 15-ல் நாடு விடுதலை பெற்றபோதும் ராணுவச் சின்னங்களில் இருந்த கிரீடம் உடனே நீக்கப்படவில்லை. 1949 ஜனவரி 15-ல் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றபோதும் கிரீடமே தொடர்ந்தது. 1950 ஜனவரி 26-ல் நாடு குடியரசான பிறகே அதன் இடத்தை அசோகச் சிங்கம் பெற்றது. சின்னம் மாறியதற்காக நல்ல நிலையில் உள்ள தொப்பியைத் தூக்கி எறிய வேண்டிய தேவை எந்த அதிகாரிக்கும் இல்லை. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திக்கொண்டால் போதும்.

இதற்கான சாட்சியம் துணியிலேயே இருக்கும். உலோகச் சின்னங்களின் பின்புறம் உள்ள வளையங்கள் துணியைத் துளைத்து உள்ளே செல்லும். அவற்றில் ஊசி செருகிச் சின்னத்தை நிறுத்துவார்கள். இரண்டு சின்னங்கள் கண்ட தொப்பியில் இரண்டு இணைத் துளைகள் காணப்படலாம். அத்துடன், வெயில் படாமல் சின்னம் மறைத்திருந்த இடத்தில் துணியின் பழைய நிறம் மங்காமல் நிற்கும். சிங்கத்தைச் சற்றே விலக்கிப் பார்க்கும்போது அதன் பின்னால் கிரீடத்தின் வடிவில் ஒரு நிழல் தெரிந்தால், அதுவே அத்தொப்பியின் வரலாற்று ஆவணம். 1945-ம் ஆண்டுத் தோற்றம் வேண்டும் என்பதற்காகச் சந்தையில் வாங்கிய கிரீடத்தை அங்கே பொருத்துவது, பழுதுபார்ப்பது போலத் தோன்றினாலும் உண்மையில் அந்த ஆவணத்தை அழிப்பதே ஆகும்.

கிரீடத்தின் வளைவு

கிரீடத்தை வைத்துக் காலத்தைக் கணிக்கும் வழக்கம் சேகரிப்பாளர்களிடையே நெடுங்காலமாக உண்டு. 1901 முதல் மன்னர்கள் ஆண்ட காலத்துச் சின்னங்களில் இருப்பது டியூடர் கிரீடம்; அதன் வளைவுகள் மேல்நோக்கிக் குவிந்திருக்கும். இரண்டாம் எலிசபெத் ஆட்சியில் வந்த புனித எட்வர்ட் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் சற்றே தாழ்ந்திருக்கும். எனவே 'மன்னர் கிரீடம்' இருந்தால் அது 1952-க்கு முந்தையது என்பது எளிய விதியாக இருந்தது. ஆனால், மூன்றாம் சார்லஸ் 2022-ல் தமது முத்திரைக்கு மீண்டும் டியூடர் கிரீடத்தையே தேர்ந்தெடுத்தார். அவ்வடிவச் சின்னங்கள் இப்போது புதிதாகவும் தயாராவதால், அந்த விதியை மட்டும் நம்ப இனி வழியில்லை.

துணியில் கையால் தைக்கப்பட்ட சரிகைச் சின்னங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். வாரணாசியின் ஜர்தோசி கைவினைஞர்கள் வெளிநாட்டுப் படைகளுக்கும் இத்தகைய சின்னங்களைத் தைத்து அனுப்புகின்றனர். சிதைந்த சின்னத்துக்கு மாற்றாக நேர்மையாகத் தைக்கப்படும் ஒன்றும், போலித் தொப்பிக்கு ஏறும் ஒன்றும் ஒரே வகைக் கைத்திறனில் உருவாகக் கூடியவை. கைவினைஞர் மீது இதில் குற்றமில்லை. 'புதியது' என்று சொல்லாமல் விற்பவரே பொறுப்பாளர். வெள்ளிக் கம்பி காலப்போக்கில் மடிப்புகளிலும் ஓரங்களிலும் சீரற்றுக் கறுக்கும். ரசாயனம் பூசிக் கறுக்க வைத்தால், அந்தக் கறை சரிகையோடு நிற்காமல் அடித்துணியிலும் படிவது வழக்கம்.

ஒன்றாக முதுமை அடைந்தனவா?

தொப்பியின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே பார்ப்பதைவிட, அவை ஒன்றாக முதுமை அடைந்துள்ளனவா என்று பார்ப்பதே முறையான சோதனை. வியர்வைப் பட்டையின் தோலில் கறை இருந்தால், அதையொட்டிய உள்துணியிலும் அதன் தொடர்ச்சி இருக்க வேண்டும். பட்டை கறுத்திருக்க, உள்துணி மட்டும் பளிச்சென்று இருந்தால் இரண்டில் ஒன்று பின்னர் வந்தது. பட்டையின் விளிம்பில் நூல் இல்லாத வெற்றுத் துளைகள் வரிசையாகத் தெரிந்தால், அது ஒருமுறை பிரித்துத் தைக்கப்பட்டது என்று பொருள்.

நூலும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். பாலியஸ்டர் இழை 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டாலும், அது பரவலான பயன்பாட்டுக்கு வந்தது 1950-களில்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தொப்பியில் பாலியஸ்டர் நூல் இருந்தால், அந்தத் தையல் பிற்காலத்தது. புறஊதா விளக்கொளியில் நீலவெண்மையாக ஒளிரும் நூலையும் துணியையும் சந்தேகிப்பது இதனால்தான். ஆனால் இந்தச் சோதனையைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. உண்மையான பழந்துணியை இன்றைய சலவைத்தூளில் அலசியிருந்தாலும் அது ஒளிரும். ஒளிராத செயற்கை இழைகளும் உண்டு. நூலைப் பிய்த்து எரித்துப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உள்ளது. சோதிக்கப்படும் பொருளையே குறைத்துவிடும் சோதனை அது.

போலிகள் மலிந்திருப்பது ஜெர்மானியத் தொப்பிகளில்தான். அந்நாட்டுத் தரைப்படையில் தொப்பி விளிம்பின் பைப்பிங் நிறமே படைப்பிரிவைக் காட்டியது: காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு, கவசப் படைக்கு இளஞ்சிவப்பு. எளிதில் கிடைக்கும் வெள்ளையைப் பிரித்துவிட்டு இளஞ்சிவப்பு பைப்பிங் வைத்து விலை ஏற்றுவது அறியப்பட்ட மோசடி. தொப்பி உண்மை, துணி உண்மை, பைப்பிங் மட்டும் பொய் என்ற நிலையில், தையல் துளைகளைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை.

இதற்கு மாறாக, குறைபோலத் தோன்றுவன சில குறைகளே அல்ல. தொப்பியின் மேல்வட்டத்தை விறைப்பாக வைக்கும் கம்பி இல்லாதது அவற்றுள் ஒன்று. போரின்போது அமெரிக்க விமானிகள் தலைக்கு மேல் ஒலிக்கருவி மாட்ட வசதியாக அதை உருவி எடுத்துவிட்டனர். தளர்ந்து தொங்கிய தொப்பியே பின்னர் அவர்களின் அடையாளமானது. அத்தகைய தொப்பிக்குள் புதுக் கம்பியைச் செருகுவது அதைச் சீராக்குவதாகாது.

அதே காலத்துப் பருத்தி நூலில், அணிந்தவரோ அவருடைய தையற்காரரோ போட்ட ஒட்டுத் தையலும் இப்படித்தான். அது தொப்பியின் பணிக்காலத்தைச் சேர்ந்தது. மறைக்கப்படாத வரை மதிப்பைக் குறைக்காது. பூச்சி அரித்த துளையை இன்று அடைக்க வேண்டுமெனில், பின்னாளில் பிரித்தெடுக்கக் கூடிய விதத்தில் அடைத்து, செய்ததைப் படத்துடன் எழுதி வைப்பதே அருங்காட்சியக முறை. துவைப்பதும், வெடித்த முன்விளிம்புக்கு மெருகு எண்ணெய் பூசுவதும் கூடாது. அமிலமற்ற தாளை உள்ளே நிரப்பி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தால் போதுமானது.

விற்க நினைப்பவர்கள் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1972-ம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவம் உடைய பொருள் 100 ஆண்டுகளைக் கடந்தால் தொல்பொருளாகக் கருதப்படலாம். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1914-18 போர்க்காலத் தொப்பிகள் இந்த வயதை ஏற்கெனவே கடந்துவிட்டன. 1939-45 காலத்தவை இன்னும் எட்டவில்லை.

உள்பட்டையில் மையால் எழுதிய பெயரோ முதலெழுத்துகளோ இருந்தால், அவற்றை அக்கால இந்திய ராணுவ அதிகாரிகள் பட்டியலுடன் ஒப்பிடலாம். தொப்பி அணிந்த புகைப்படம் ஒன்று வீட்டில் கிடைத்தால் சின்னத்தின் இடமும் சாய்வும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க முடியும். இவற்றை முடிக்கும்வரை தொப்பியிலிருந்து எதையும் கழற்றாமல் இருப்பது நல்லது.