ஹெரால்டுக்குப் பெட்ரோல் பம்பும் சைலன்சரும்: எதை வாங்குவது, எதை இங்கேயே செய்வது?

சித்திரை வெயிலில், கணியம்பாடி தாண்டி அமிர்திக்குப் போகும் சாலையில் எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டேங்கில் பெட்ரோல் இருந்தது, ஸ்பார்க்கும் வந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிவிட்டு மர நிழலில் காத்திருந்தோம். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகியிருந்தது. ஆவியைப் பம்பால் இழுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தபோது பம்பு, ரப்பர் ஓஸ், சைலன்சர் மூன்றுமே மாற்றவேண்டிய நிலையில் இருந்தன. இவற்றைத் தேடி அலைந்தபோது தெரிந்துகொண்டதை, இதே வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் வரலாறு தெரியவேண்டும். ட்ரையம்ப் ஹெரால்டு பிரிட்டனில் 1959-ல் வந்தது. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை அதை இங்கே தயாரித்தது. பிரிட்டனில் எஞ்சின் 948 சிசியிலிருந்து 1147-க்கும், பிறகு 1296-க்கும் வளர்ந்தது. நம் ஊர் வண்டி கடைசிவரை 948-லேயே நின்றது. அதனால் வெளிநாட்டுக் கடையில் 'ஹெரால்டுக்கு வேண்டும்' என்று மட்டும் சொன்னால் வேறு எஞ்சினுக்கான பாகம் வந்து சேரும். '948 சிசி, ஒற்றை கார்புரேட்டர்' என்று சொல்லுங்கள். கார்புரேட்டர் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணையும் ஜெட்டின் மேல் உள்ள எண்ணையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

தேவையான பாகங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியவை

பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், வால்வுகள், கார்புரேட்டரின் ஜெட், ஊசி வால்வு ஆகியவை முதல் வகை. இவற்றில் அளவு இம்மி பிசகினாலும் வண்டி சரியாக ஓடாது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பழைய இருப்பு கிடைக்கக்கூடும். ஆனால் பல வருடம் அலமாரியில் கிடந்த டயஃப்ரம் பெட்டியில் புதிதாகத் தெரிந்தாலும் விறைத்துப்போயிருக்கும். கையில் வளைத்துப் பார்த்து, ஓரத்தில் வெடிப்பு இல்லை என்றால் மட்டும் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பிரிட்டனில் கேன்லி கிளாசிக்ஸ் போல ட்ரையம்ப் பாகங்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன. சுங்க வரியையும் அனுப்பும் செலவையும் கணக்குப் பார்த்து, வேண்டியதை ஒரே தடவையில் வரவழைப்பது நல்லது.

எங்கள் பக்கம் தோல் பதனிடும் ஊர்கள் என்பதால், 'நல்ல மெல்லிய தோலில் டயஃப்ரம் வெட்டிப் போட்டால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. தோலுக்கு நெகிழ்வு தருவது பதனிடும்போது ஏற்றும் எண்ணெய். அந்த எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துவிடும், தோல் விறைத்து வெடிக்கும். கிழிந்த டயஃப்ரம் வழியாகப் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

உள்ளூரில் வாங்கக்கூடியவை

ரப்பர் ஓஸ், கிளிப், நட்டு, போல்ட் எல்லாம் இங்கேயே கிடைக்கும். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரையும் தக்கையையும் அது ஊறவைத்துக் கெடுக்கும், காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஓஸின் மேல் 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' என்ற அச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வண்டியைப் பல வாரம் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

நட்டில் ஒரு பொறி இருக்கிறது. இந்த வண்டியின் 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் நட்டு அதில் பொருந்துவதுபோல ஒன்றிரண்டு சுற்று ஏறும். ஆனால் மரையின் இடைவெளி வேறு. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் இரண்டு மரையும் போய்விடும். 'யுஎன்எஃப், அங்குலத்துக்கு 24 மரை' என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட்டு போட்டால் துருவேறிப் பிடித்துக்கொள்ளாது.

இங்கேயே செய்துகொள்ளக்கூடியவை

சைலன்சரும் சாதாரண கேஸ்கட்டுகளும் மூன்றாவது வகை. பழைய சைலன்சரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எத்தனை ஓட்டை இருந்தாலும் வளைவுக்கும் நீளத்துக்கும் அதுதான் அச்சு. பட்டறையில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புதுப் பைப்பை வளைப்பார்கள். வளைவில் பைப்பு நசுங்காமலிருக்க உள்ளே உலர்ந்த மணலை இறுக்கி நிரப்பிச் சூடாக்கி வளைப்பது பழைய கைவேலை. பைப்பின் உள்விட்டத்தை மாற்றவேண்டாம். ஹெரால்டை அடுத்து 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கஸல் காரில் பின் அச்சே மாறிவிட்டதால், பிரிட்டன் ஹெரால்டின் வால் பைப்பு அதற்குச் சரியாக அமையும் என்று எண்ணவேண்டாம்.

கேஸ்கட் வெட்டுவதற்குத்தான் நம் ஊர் கை கைகொடுக்கிறது. கேஸ்கட் தாளைப் பம்பு உட்காரும் முகத்தில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தில் மெல்லத் தட்டினால் அச்சு விழும். போல்ட் துளையை ஆம்பூர், வாணியம்பாடியில் செருப்பு வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் துளை போடும் 'பஞ்ச்' கருவியால் ஒரே தட்டில் எடுத்தால் பிசிறில்லாமல் வரும். மேனிஃபோல்டுக்கு மட்டும் சூடு தாங்கும் கிராஃபைட் கேஸ்கட் வேண்டும். பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கலாம். அதை ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், ஊதவே கூடாது.

எல்லாம் மாட்டியபின் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனைந்தால் கசிவு. மேனிஃபோல்டு பக்கம் 'டிக் டிக்' என்று சத்தமோ கரிப்படிவோ இருந்தால் புகை கசிகிறது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பழைய வண்டியின் தரைத் தகட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே வந்து உயிரையே எடுத்துவிடும். சைலன்சரை மாற்றும்போதே தரைத் தகட்டின் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு, அசல் வடிவம் மாறாமல் இருந்தால், 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவு தரும் விதி 2021-ல் வந்திருக்கிறது. அதனால் கழற்றிய பாகம் எதையும் தூக்கிப்போடாதீர்கள். எங்கள் பழைய டயஃப்ரம் ஒரு பிஸ்கட் டப்பாவில், அளவும் தேதியும் எழுதிய சீட்டோடு இருக்கிறது. அடுத்த முறை யார் தேடினாலும் அந்தச் சீட்டிலிருந்து தொடங்கலாம்.