செம்பனையைச் சாய்க்கும் பூஞ்சையின் கவசம்

கோல சிலாங்கூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. செம்பனை மரத்தின் அடியில் செந்தவிட்டு நிறக் காளான் ஒட்டியிருக்கும். அது கெனோடெர்மா என்னும் பூஞ்சை. வெளியே தலைகாட்டும்போதே அடித்தண்டின் உட்பகுதி பெரும்பாலும் அழுகியிருக்கும். மரத்தைக் காப்பாற்றுவது கடினம். மலாயாவில் இந்நோய் 1931-இலேயே பதிவானது. தென்னையை அழித்துச் செம்பனை நட்ட கடலோரத் தோட்டங்களில், பழைய தென்னங்கட்டைகளிலிருந்து அதிகம் பரவியது.

பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் என்னைக் கவர்ந்தது இப்பூஞ்சையின் உயிரணுச் சுவர். தாவரங்களின் சுவர் முக்கியமாகச் செல்லுலோஸால் ஆனது. பூஞ்சையின் சுவரில் இருப்பது கைட்டின். நாம் உரித்து வீசும் இறால் ஓட்டிலும் இதுதான் இருக்கிறது. கட்டடத்துக்கு இரும்புக் கம்பி போலக் கைட்டின் இழைகள். அவற்றோடு பின்னிய பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிகள். வெளிப்புறத்தில் சர்க்கரை சேர்ந்த புரதங்கள்.

இந்தக் கவசத்தையும் உடைக்கலாம். டிரைக்கோடெர்மா என்ற மண்பூஞ்சை, கைட்டினேஸ், குளுக்கனேஸ் என்னும் நொதிகளைச் சுரந்து அதைக் கரைக்கிறது. நோய் முற்றிய மரத்தை இது மீட்காது. இளங்கன்றுகளைக் காக்க உதவலாம். மறுநடவுக்கு முன் பழைய கட்டைகளையும் வேர்களையும் அகற்றுவதும் அவசியம்.

செம்பனையை நம்பியிருக்கும் சிறுதோட்டக்காரருக்கு ஒவ்வொரு மரமும் வருமானம். நண்பர்களே, மரத்தடியில் காளானைக் கண்டால் வீட்டுப் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள்.