கேபிள் சரியாகியும் இணையதளம் திறக்கலையா? ரூட்டர் போடும் ‘அபராதம்’ காரணமா இருக்கலாம்!

ஒரே ஒரு இணையதளம் மட்டும் அரை மணி நேரமாகத் திறக்கவில்லை. மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது. இதற்கு ‘ரூட் ஃபிளாப் டேம்பனிங்’ ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படின்னா என்ன?

தங்களிடம் வரும் வழியை நெட்வொர்க்குகள் பிஜிபி மூலம் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. கோளாறால் ஒரு வழி போவதும் வருவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் மற்ற ரூட்டர்கள் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அந்தச் சுமையைக் குறைக்க 1998-ல் வரையறுக்கப்பட்டது இந்த முறை.

எப்படி வேலை செய்கிறது?

சிஸ்கோ ரூட்டர்களின் வழக்கமான செட்டிங்கில், வழி ஒருமுறை அறுந்தால் 1000 அபராதப் புள்ளி. 2000-ஐத் தாண்டினால் அந்த வழி ஓரங்கட்டப்படும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி பாதியாகும். 750-க்குக் கீழே வந்தால்தான் மீண்டும் அனுமதி. அடுத்தடுத்து 3 முறை அறுந்தால், கேபிள் சரியான பிறகும் சுமார் அரை மணி நேரம் காத்திருக்கணும்.

சிக்கல் எங்கே?

ஒருமுறை அறுந்தாலே மாற்று வழி தேடும் தகவல்கள் அடுத்தடுத்துப் பரவும். தொலைவில் உள்ள ரூட்டர் அதைப் பல கோளாறுகளாக எண்ணி அபராதம் போட்டுவிடும். இதனால் 2006-ல் ஐரோப்பிய அமைப்பான ரைப், ‘இது வேண்டாம்’ என்றே பரிந்துரைத்தது.

தீர்வு என்ன?

2014-ல் வந்த பரிந்துரைப்படி, ஓரங்கட்டும் வரம்பு குறைந்தது 6000 இருக்க வேண்டும். டேம்பனிங்கை ஆன் செய்துவிட்டு பழைய 2000-ஐ அப்படியே விட்டால், தப்பு செய்யாத வழிக்கும் தண்டனைதான்.