அரசு வழக்கறிஞர் ஆதாரத்தை மறைத்தால்?

எப்படியாவது தண்டனை வாங்கித் தருவதுதானே அரசு வழக்கறிஞரின் வேலை? நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். அது தவறு. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரம் கையில் இருந்தால், அதையும் அவர் கொடுத்தாக வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் ‘பிராடி எதிர் மேரிலாந்து’ வழக்கில் இதைக் கட்டாயமாக்கியது.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? டெக்சஸில் மைக்கேல் மார்ட்டனுக்கு நடந்ததைப் பாருங்கள். 1986 ஆகஸ்டில் அவர் மனைவி வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். பழி மார்ட்டன் மீது விழுந்தது. மறு ஆண்டே ஆயுள் தண்டனை.

போலீஸ் கோப்பிலோ வேறு கதை இருந்தது. கொலையைப் பார்த்தவன் மார்ட்டன் தம்பதியின் மூன்று வயது மகன். அம்மாவை அடித்தது ஒரு பூதம், அப்பா அப்போது வீட்டில் இல்லை என்று பாட்டியிடம் சொல்லியிருந்தான். பாட்டி அதைப் போலீசாரிடம் சொன்னார். அது எழுத்தில் பதிவானது. வீட்டருகே பச்சை வேனில் வந்து நின்ற அந்நியனைப் பற்றியும் அக்கம்பக்கத்தார் சொல்லியிருந்தார்கள். மார்ட்டனின் வக்கீல் கைக்கு இவை எதுவும் வரவில்லை.

பிறகு உண்மை எப்படி வெளிவந்தது? வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ரத்தக்கறையோடு ஒரு தலைத்துணி கிடைத்திருந்தது. அதை மரபணுச் சோதனைக்கு (உடல் அணுக்களைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் சோதனை) அனுப்ப அரசுத் தரப்பு பல ஆண்டுகள் மறுத்தது. 2011-இல் முடிவு வந்தது: ரத்தம் மனைவியுடையது, கூடவே இருந்த மரபணு வேறொரு ஆணுடையது. ஏறக்குறைய 25 ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு மார்ட்டன் வெளியே வந்தார். அந்த வேறொரு ஆண், மார்ட்டன் உள்ளே இருந்த 1988-இல் ஆஸ்டினில் இன்னொரு பெண்ணையும் கொன்றிருந்தான். இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. மறைத்த காகிதங்களுக்கு ஓர் உயிரும் விலையாகப் போயிருக்கிறது.

மறைத்தவருக்கு? வழக்கை நடத்திய கென் ஆண்டர்சன் பின்னாளில் நீதிபதியாகவே ஆகியிருந்தார். 2013-இல் அவருக்குப் பத்து நாள் சிறை. வக்கீல் உரிமமும் போயிற்று.

ஆதாரத்தை மறைத்தது தெரிந்தாலே அமெரிக்காவில் விடுதலை கிடைத்துவிடுமா? கிடைக்காது. அது அன்றே வெளிவந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று காட்ட வேண்டும். காட்டினாலும் பெரும்பாலும் மறுவிசாரணைதான். ஆனால் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

சரி, இந்தியாவில் உங்கள் வீட்டார் மீது வழக்கு வந்தால்? குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம் முதலியவற்றின் நகல்களை இலவசமாகப் பெறும் உரிமை உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு இதற்கு 14 நாள் கெடு வைக்கிறது. அதோடு நின்றுவிடாதீர்கள். போலீசார் கைப்பற்றியும் வழக்கில் பயன்படுத்தாத பொருள்கள், ஆவணங்கள், வாக்குமூலங்களின் பட்டியலையும் தர வேண்டும் என்று 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தானாக வரும் என்று காத்திருக்காமல், விசாரணை தொடங்கும்போதே வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். கைக்கு வந்ததும் அவருடன் உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். கேமரா பதிவு, போன் அழைப்பு விவரம், கூப்பிடாமல் விட்ட சாட்சி என்று உதவக்கூடியது எது தென்பட்டாலும், அதை வரவழைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.