மண்டபத்தில் ஒலியும் காலமும்

கோடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பாகும் கோடைப் பண்பலை, உயர்ந்த கோபுரம் ஒன்றைக் கொண்டே சமவெளியின் பல மாவட்டங்களை எட்டிவிடுகிறது. வானலைக்கு உயரம் துணைசெய்கிறது. கேட்பவரும் தம் பெட்டியின் ஒலியளவை விரும்பியவாறு கூட்டிக் குறைத்துக்கொள்கிறார். பெரிய மண்டபத்திற்கு இவ்வழி பொருந்தாது. மேடையருகே பேரொலிபெருக்கி ஒன்றை நிறுத்தி முழங்கவிட்டால், முதல் வரிசையினர் காதைப் பொத்திக்கொள்வர். கடைசி வரிசையினர்க்கு ஓசை கேட்கும், சொல் விளங்காது.

திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகுந்தோறும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. மண்டபத்தில் நேரொலி இவ்வாறு மெலிந்துகொண்டிருக்க, சுவரிலும் கூரையிலும் பட்டு மீளும் ஒலி எங்கும் நிறைந்து நிற்கிறது. இதுவே எதிர்முழக்கம். அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சு விளங்காத விரிவுரை அரங்கம் ஒன்றை 1895ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கிய வாலஸ் சபைன், அங்கு ஒலி அடங்க ஏறத்தாழ 5.5 நொடி ஆவதைக் கண்டார். வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பியபோது அந்நேரம் குறைந்தது. பளிங்குத் தரையும் தகரக் கூரையும் கொண்ட நம் மண்டபங்களில் ஒலியை உறிஞ்சுவன பெரும்பாலும் கூடியிருப்போரின் உடலும் உடையுமே.

எதிர்முழக்கத்தால் முதலில் கெடுவது மெய்யொலி. உயிரொலி நீண்டும் வலுத்தும் ஒலிப்பது. மெய்யொலி குறுகியது, மெலிந்தது. முந்தைய உயிரொலியின் முழக்கம் அடங்குமுன் அடுத்த மெய்யொலி வந்து அதனுள் மூழ்கிவிடுகிறது. தைப்பூசத்திற்குப் பாதயாத்திரையாகப் பழனியில் வந்து கூடும் பெருங்கூட்டத்தில், வள்ளி என்னும் குழந்தையைக் காணவில்லை என்று அறிவிப்பதாகக் கொள்வோம். அது வல்லி என்று கேட்டால் அறிவிப்பின் பயன் பாதியாகிறது.

பல சிறு ஒலிபெருக்கிகளைக் கேட்போருக்கு அருகிலேயே அமைத்து, ஒவ்வொன்றையும் தாழ்ந்த குரலில் ஒலிக்கச் செய்வது இதற்குத் தக்க வழி. நேரொலி காதை வலுவாக எட்டும். கூரையை நோக்கி வீணே செல்லும் ஒலி குறையும். ஆனால், இங்கே புதியதொரு சிக்கல் எழுகிறது.

காலத்தாழ்வு

மின்குறிப்பு கம்பியில் நொடிப்பொழுதில் ஓடிவிடுகிறது. ஒலியோ காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டரே செல்கிறது. மேடையிலிருந்து 30 மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவர், தம் அருகிலுள்ள ஒலிபெருக்கியின் சொல்லை முதலிலும், மேடையிலிருந்து வரும் அதே சொல்லை 87 மில்லிநொடி கழித்தும் கேட்கிறார். எதிரொலி தனித்துக் கேட்க 0.1 நொடி இடைவெளி வேண்டுமென்று பள்ளி அறிவியல் நூல்கள் கூறும். பேச்சின் தெளிவு அதற்கு முன்பே, 50 மில்லிநொடியளவிலேயே, குலையத் தொடங்கிவிடும்.

எனவே, பின்வரிசை ஒலிபெருக்கியை 87 மில்லிநொடி தாமதிக்கச் செய்து, மேலும் 10 முதல் 15 மில்லிநொடி சேர்ப்பர். இரண்டு ஒலிகள் சிறு இடைவெளியில் வந்தால், முதலில் வந்ததன் திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாகக் காது கொள்கிறது. ஜெர்மானியரான எல்முட் ஆஸ் 1949ஆம் ஆண்டில் விளக்கிய இவ்வியல்பினால், சொல் மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். அதற்குத் தெளிவூட்டுவது அருகிலுள்ள கருவி.

கோடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்று மெல்லியதென்பதால் ஒலியின் வேகம் மாறுமோ என்னும் ஐயம் எழலாம். அழுத்தமும் அடர்த்தியும் ஒருசேரக் குறைவதால் உயரம் வேகத்தை மாற்றுவதில்லை, வெப்பநிலையே மாற்றுகிறது. 10 பாகை செல்சியசில் நொடிக்கு 337 மீட்டர், 35 பாகையில் 352 மீட்டர். ஆயினும், குளிர்ந்த கோடைக்கானலுக்கும் வெயில் காயும் பழனிக்கும் 30 மீட்டரில் வேறுபாடு 4 மில்லிநொடியே. கூடுதலாகச் சேர்த்த தாமதம் அதனை ஏற்றுக்கொள்ளும்.

ஒரே கடிகாரம்

பழைய 100 வோல்ட்டு முறையில் ஒரு கம்பித் தடத்திலுள்ள ஒலிபெருக்கிகள் அனைத்தும் ஒருங்கே ஒலிக்கும். வேறு தாமதம் வேண்டுமெனில் வேறு பெருக்கியும் வேறு தடமும் வேண்டும். வலையமைப்பு ஒலிபெருக்கியில் ஒலி சிறுசிறு எண்பொட்டலங்களாக ஈதர்நெட் வடத்தில் வருகிறது. அதே வடமே மின்சாரத்தையும் தருவதுண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதன் தாமதத்தைக் கணினியிலிருந்தே குறித்துவிடலாம்.

பொட்டலங்கள் சீரான இடைவெளியில் வந்து சேர்வதில்லை. ஆகவே, ஒவ்வொன்றின்மீதும் அது ஒலிக்கவேண்டிய நேரம் குறிக்கப்படுகிறது. அக்குறிப்பு பயன்பட வேண்டுமெனில் எல்லாக் கருவிகளின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். இரு கடிகாரங்கள் பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபட்டால் போதும். ஒரு மணிநேர உரை முடிவதற்குள் 0.18 நொடி பிளவு தோன்றிவிடும். இதனைத் தவிர்க்க, ஒரு கருவியைத் தலைமைக் கடிகாரமாகக் கொண்டு ஏனையவை தம்மை இடைவிடாது திருத்திக்கொள்கின்றன. இதற்கான பொதுநெறி 2002ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

இச்சிக்கல் தமிழகத்திற்குப் புதிதன்று. ஊருக்கொரு நேரம் வழங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், சென்னை வானாய்வகம் கணித்த நேரத்தையே இரயில்வேக்கள் பின்பற்றின. அது தந்திவழி நெடுந்தொலைவு சென்றது. அவ்வானாய்வகத்தின் பணிகள் 1899ஆம் ஆண்டில் கோடைக்கானலுக்கு மாறின. இந்தியச் சீர்நேரம் 1906ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

வடம் இழுப்பதிலும் கவனம் வேண்டும். செம்பு ஈதர்நெட் வடத்தின் ஒரு நீட்சி 100 மீட்டரைத் தாண்டலாகாது. இடியும் மின்னலும் மிகுந்த மலைப்பகுதியில் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணாடி இழை வடமே ஏற்றது. அது மின்னலின் பாய்ச்சலைக் கடத்தாது. மூடுபனியின் ஈரம் புகாதவாறு இணைப்புகளையும் அடைத்தல் வேண்டும்.

அமைத்தபின் இசையை ஒலிக்கவிட்டு நிறைவடைவது வழக்கமாகிவிட்டது. அது தக்க சோதனையன்று. வலி, வளி, வழி போன்ற சொற்களை ஒருவர் மேடையிலிருந்து வரிசை மாற்றிப் படிக்க, கடைசி வரிசையிலும் தூண்மறைவிலும் அமர்ந்தவர்கள் தாம் கேட்டதை எழுதட்டும். பிழை மிகும் இடத்தில் ஒலியளவைக் கூட்டுமுன் தாமதத்தைச் சரிபார்க்க வேண்டும்.