கடைமடையில் காத்திருக்காத கரண்ட்

"கரண்ட் வந்துடுச்சு!" இருட்டில் உட்கார்ந்திருந்த தெருவில் விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் போடும் கூச்சல் இது. சரி, வந்தது எது? போன வாரம் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்கைப் பிடித்தோம். அந்த மின்னேற்றம் சீப்பிலேயே உட்கார்ந்திருந்தது. அது நகர்ந்தால் மின்னோட்டம்.

காரைக்கால் போலகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தம். புதுச்சேரி அரசு நிறுவனத்தின் எரிவாயு மின்நிலையம் 2000-லிருந்து அங்கே இருக்கிறது. திறன் 32.5 மெகாவாட். காவிரிப் படுகையின் எரிவாயுவை எரித்து ஒரு டர்பைனைச் சுற்றுகிறார்கள்; வெளியேறும் சூட்டில் நீராவி உண்டாக்கி இன்னொன்றையும் சுற்றுகிறார்கள்.

மேட்டூரில் திறந்த தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்திருந்து பழகிய கடைமடை ஊர் அது. அதனால் மின்நிலையத்தில் கிளம்பும் எலெக்ட்ரான்களும் அப்படித்தான் ஓடி வந்து சேர்கின்றன என்று நினைக்கத் தோன்றும். அப்படி வந்தால் நாம் இருட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

கணக்கைப் பாருங்கள். மூன்று மின்விசிறிகளுக்குச் சுமார் 1 ஆம்பியர் போதும். அதாவது நொடிக்கு 1 கூலும்: ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்கள். அவ்வளவு கூட்டமும் எலெக்ட்ரீஷியன் 'ஒன்றரை ஸ்கொயர்' என்று கேட்டு வாங்கும் செம்பு ஒயரில் நகரும் வேகம் நொடிக்கு 0.05 மில்லிமீட்டர்தான். நத்தை ஜெயித்துவிடும். ஒரே திசையில் போனால்கூட ஒரு கிலோமீட்டர் கடக்க 230 நாள் ஆகும். (தனித்தனியே அவை நாலாபக்கமும் வெறிபிடித்துப் பறக்கின்றன; நான் சொல்வது கூட்டத்தின் மொத்த நகர்வை.)

விளக்கு மட்டும் ஏன் உடனே எரிகிறது? ஒயர் காய்ந்த வாய்க்கால் அல்ல, விளிம்புவரை நிரம்பிய வாய்க்கால். தலைமடையில் தள்ளினால் கடைமடையிலும் அசைகிறது. அந்தத் தள்ளல் நொடிக்கு லட்சக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.

அதுவும் ஒரே பக்கமாகத் தள்ளுவதில்லை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த 1 ஆம்பியரில் எலெக்ட்ரான் கூட்டம் அசையும் தூரம் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்கு நடுவில் டிரான்ஸ்ஃபார்மர். அதன் இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஒரு பக்கத்து எலெக்ட்ரான் மறுபக்கம் போக வழியே கிடையாது.

வாய்க்கால் உவமை நொண்டுவது இன்னோரிடத்தில். வயல் தண்ணீரைக் குடித்துவிடும். பல்பு ஒரு எலெக்ட்ரானைக்கூடக் குடிப்பதில்லை. உள்ளே போனது அத்தனையும் வெளியே வருகிறது. மீட்டர் எண்ணும் 'யூனிட்', அந்தத் தள்ளல் நம் வீட்டில் செய்த வேலை: ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். மின்துறைக்குக் கட்டுவது அதற்குத்தான். சுவருக்குள் ஆடிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரான்கள் ஒயரோடு வாங்கியவை. வீடு கட்டும்போதே எலெக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் அவற்றுக்குக் காசு கொடுத்தாயிற்று.

(தொடரும்)