யூஸ்நெற் மன்றமும் ஒரு தமிழ்ச் சுவடியும்

மன்றம், பொதியில், அம்பலம் என்று ஊரவர் கூடிப் பேசும் இடத்துக்குத் தமிழிலே பெயர்கள் பல உள. கணினி உலகிலும் அத்தகைய மன்றம் ஒன்று உண்டு. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது நடந்து வருகின்றது. யூஸ்நெற் என்பது அதன் பெயர். இன்றைய மாணாக்கருட் பலர் அப்பெயரைக் கேட்டும் அறியார். இலக்கியம் பயில்வார்க்கு இதனால் ஆவதென்ன என்று ஆசிரியப் பெருமக்கள் வினவலாம். வினா நியாயமானதே. தமிழ் எழுத்து உலகக் கணினிகளுக்குப் பொதுவாவதற்கு முன்னர், கடல்கடந்த தமிழ் மாணவர் தம்முள் வாதிட்டதும் வருந்தியதும் நகையாடியதும் அம்மன்றத்திலே பதிவாகியுள்ளன. அவற்றுட் பெரும்பகுதி ஆங்கிலம். இடையிடையே வரும் தமிழோ உரோம எழுத்துடுத்து நிற்கின்றது. அதனை வாசித்துப் பிரித்தறிதல் பண்டிதர் வேலையேயன்றிப் பொறியியலார் வேலையன்று.

முதலில் மன்றத்தின் வரலாறு. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவரான ரொம் ட்ரஸ்கொற், ஜிம் எலிஸ் என்னும் இருவர் உள்ளத்தில் இது கருக்கொண்டது. அயலிலிருந்த வட கரோலைனாப் பல்கலைக்கழக மாணவர் ஸ்ரீவ் பெலோவின் முதல் நிரலை எழுதினார். 1980இல் மன்றம் வெளியுலகைக் கண்டது. இதற்குத் தலைமை நிலையம் என்று ஒன்றில்லை. ஒரு கணினியில் எழுதிய மடலை அது தன் அயற்கணினிக்குக் கொடுக்கும். அயற்கணினி தன் அயலுக்குக் கொடுக்கும். தொலைபேசிக் கட்டணம் இரவிற் குறைவாதலால், தொடக்க காலத்தில் மடல்கள் இரவிலேயே பயணஞ் செய்தன. ஓலை ஒன்றைப் படியெடுத்து அடுத்த ஊர்ப் புலவர்க்கு அனுப்பும் பழைய வழக்கத்தை இது நினைப்பூட்டும். மூலப்படி எது என்ற வினாவுக்கு அங்கு இடமில்லை; எல்லாம் படிகளே.

குழுக்கள் பெருகியபின் 1987ஆம் ஆண்டளவில் அவற்றை ஏழு பெரும் பிரிவாக வகுத்தனர். கணினி, அறிவியல், சமூகம், பொழுதுபோக்கு, விவாதம், மன்றச் செய்தி, பலவகை என்பன அவை. பின்னர் எட்டாவதொன்றும் சேர்ந்தது. கைக்கிளை முதற் பெருந்திணை ஈறாக எழுதிணை கண்ட மரபினர்க்கு இவ்வெண் வியப்புத் தராது. சமூகம் என்ற பிரிவின் கீழ்ப் பண்பாடு, அதன் கீழ்த் தமிழ் என்று புள்ளியிட்டுப் பிரித்த பெயருடன் சொக்.கல்ச்சர்.தமிழ் என்னுங் குழு வழங்கியது. சொக்.கல்ச்சர்.சிறீலங்கா என்பதும் அருகே இருந்தது. 1990களில், நம் நாட்டிற் போர் நிகழ்ந்த காலத்தில், இவ்விரு குழுக்களிலும் கனன்ற சொற்போர் சிறிதன்று.

அக்காலத்தில் நாம் இங்கிருந்து அதனைக் காணும் வாய்ப்பு அரிதாயிருந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோர் முயற்சியால் 1990ஆம் ஆண்டளவில் லேர்ன் என்னும் கல்வி வலையமைப்பு மின்னஞ்சலைக் கொணர்ந்தது. 1995இல் வணிக முறையிலான இணைய இணைப்பு வந்தது. மாவனல்லைக்கும் அதனைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களுக்கும் அது எட்ட மேலும் பல்லாண்டு சென்றது.

இனி எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடக்ககாலக் கணினிகள் அறிந்த குறியீட்டில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. அவையும் ஆங்கிலத்துக்கு உரியன. நம் எழுத்துக்களோ 247. ஆதலால் உரோம எழுத்தின் பெரியதையும் சிறியதையும் பங்கிட்டு மாணவர் ஒரு நெடுங்கணக்கு அமைத்தனர். சிறிய எல் லகரமாயின், பெரிய எல் ளகரம். சிறிய என் னகரம், பெரிய என் ணகரம், நகரத்துக்கு டபிள்யூ. சிறிய ஆர் ரகரம், பெரிய ஆர் றகரம். ழகரத்துக்கு இசட் என்றனர் சிலர். இசட்டும் எச்சும் சேர்த்தெழுதினர் வேறு சிலர். முறைப்படி எழுதினார் மடலிற் குழப்பமில்லை. முறை பேணாது விரைந்தெழுதினார் மடலிலோ, வி, ஏ, எல், ஐ என்ற நான்கு எழுத்தைக் கண்டால் வலியா, வளியா, வழியா, வாலியா, வாளியா என்று இடம்நோக்கியே துணிய வேண்டும்.

இஃது இழிவென்று கருதுவார் உளர். நான் அவ்வாறு கருதேன். நம் ஏடுகளின் நிலைமை என்ன? மெய்க்குப் புள்ளி இடாமலே பெரும்பாலும் எழுதினர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் நின்றன. உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவ்வேடுகளைப் பார்த்துப் பாடந் துணிந்தது சொல்லறிவாலும் இடவறிவாலுமே. உரோம எழுத்து மடலைத் துணியும் முறையும் அதுவே. வேறுபாடு ஒன்று உண்டு: எழுதியவருட் பலர் இன்றும் உயிரோடிருக்கின்றனர், ஐயம் வந்தாற் கேட்கலாம். ஏட்டுப் பதிப்பாசிரியர்க்கு இப்பேறு வாய்க்கவில்லை. இன்னும் முப்பதாண்டு கழியின் நமக்கும் வாய்க்காது.

அம்மடல்கள் எங்கே உள? 1981 முதல் 1991 வரையிலான மடல்கள் பலவற்றை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஸ்பென்சர் என்பவர் காந்த நாடாக்களிற் காத்து வைத்தார். பின்னைய தொகுப்பு ஒன்றை 2001இல் கூகிள் நிறுவனம் விலைக்கு வாங்கி மக்கள் பார்வைக்கு வைத்தது. 2024 பெப்ரவரி 22 முதல் அந்நிறுவனம் யூஸ்நெற்றின் புது மடல்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. பழையன அங்கே காணக் கிடைக்கின்றன. ஒரு நிறுவனத்தின் விருப்பில் தங்கியிருக்கும் செல்வம் அது. இணைய ஆவணகத்திலும் ஒரு வரலாற்றுத் தொகுப்பு உண்டு. அஞ்சற்பெட்டி வடிவிலுள்ள அக்கோப்புகளை மட் போன்ற எழுத்துத்திரை அஞ்சல் வாசிப்பானிலே திறந்து படிக்கலாம்.

மன்றம் இன்றும் மூடப்படவில்லை. செப்டெம்பர் தோறும் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாய் வருவோர் மன்றத்தில் நுழைந்து மரபறியாது ஆரவாரிப்பர், சின்னாளில் அடங்குவர். 1993இன் பின் வந்த கூட்டம் அடங்கவேயில்லை. ஆதலால் அதனை முடிவிலாச் செப்டெம்பர் என்றனர். அப்பெயரையே சூடிய வழங்கி ஒன்று, பதிவு செய்துகொண்டார்க்கு எழுத்து மடல்களை இலவசமாக வழங்குகின்றது. அதனோடு தொடர்புகொள்ள எழுத்துத்திரை வாசிப்பான் ஒன்று போதும். மொழியியல் பயின்றவரான லறி வோல் 1984இல் ஆர்என் என்பதை வெளியிட்டார்; இயன் லீ 1991இல் ரின் என்பதை ஆக்கினார்; ஜோன் டேவிஸ் ஆக்கியது எஸ்எல்ஆர்என். நான் கையாள்வது மூன்றாவது. படமில்லை, விளம்பரமில்லை; மடலொன்று சில கிலோபைற்றே. பழையதென்று ஒதுக்கிய கணினியிலும், அட்டைக்குப் பணம்போட்டுத் தரவு வாங்கும் தோட்டத்துப் பிள்ளையின் கைப்பேசி இணைப்பிலும் அது தடையின்றி இயங்கும்.

அமைக்கும் முறை கடினமன்று. வீட்டடைவில் எஸ்எல்ஆர்என்ஆர்சி என்னும் அமைப்புக் கோப்பில் பெயர், மின்னஞ்சல் முகவரி, வழங்கியின் பெயர், எழுதும் பதிப்பான் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பின்பு ஆக்கு என்னும் கட்டளையோடு ஒருமுறை இயக்கினால், வாசிப்பான் குழுக்களின் அட்டவணையைத் தருவித்துக் கொள்ளும். பெரிய எல் தட்டினால் சேராத குழுக்களும் தோன்றும். சிறிய எஸ் தட்டினாற் சேரலாம், சிறிய யூ தட்டினால் விலகலாம். குழுவுக்குள் இடைவெளிச் சாவி பக்கம் புரட்டும். எஃப் மன்றத்துக்கு மறுமொழி. ஆர் எழுதியவர்க்குத் தனிமடல். இவ்விரண்டையும் மயங்கித் தட்டுதல் பெருங்கேடு. தனியே கடிந்துகொள்ள எண்ணியதை ஊரறியக் கடிய நேரும்.

வாசித்தவற்றைக் குறிக்கும் கோப்பு மிக எளியது. வரிக்கொரு குழு. பெயரின் பின் முக்காற்புள்ளி இருந்தாற் சேர்ந்த குழு; வியப்புக்குறி இருந்தால் விலகிய குழு. அதன்பின் 1–4120 என்பது போல எண்கள்: அத்தனை மடலும் கண்டாயிற்று என்பது பொருள். கந்தபுராண படனத்தில் விட்ட இடத்துக்கு நூல் வைப்பது போன்றது இது. நீ எதனைப் படித்தாய் என்னுங் கணக்கு நின் கோப்பிலேயே உண்டு. திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

இவற்றுள் ஆசிரியர்க்கு மிகப் பிடித்தமானது மதிப்பெண் கோப்பாகும். சதுர அடைப்பில் குழுவின் பெயரை எழுதி, அதன்கீழ் ஓரெண்ணும், எழுதியவர் பெயர் அல்லது பொருட்டலைப்பு இன்னதாயின் என்னும் நிபந்தனையும் எழுதுக. யாப்பு என்ற சொல் தலைப்பில் வந்தால் நூறு கூட்டுக என்று நான் எழுதியுள்ளேன்; அத்தகைய மடல் மேலே எழும்பி நிற்கும். வணிக விளம்பரம் வந்தாற் குறைக்க. மதிப்பெண் சுழியத்துக்குக் கீழே போன மடல் வாசித்ததாகக் குறிக்கப்பட்டுப் பின்தங்கும். குறை 9999 பெற்றதோ அட்டவணையிலிருந்தே மறையும். நம் பரீட்சைத் திணைக்களமும் இத்துணைக் கடுமை காட்டியதில்லை! விதிக்குக் காலாவதித் திகதியும் இடலாம். ஒருவரோடு பிணங்கினால் ஒரு மாதம் விலக்கி, சினம் ஆறியபின் அவர் மடல் தானே மீண்டு தோன்றுமாறு செய்யலாம். எது முன்நிற்க வேண்டும் என்பதை வாசகன் எழுதுகின்றான். அதனை அவன் எழுத்திலே படித்தும் பார்க்கலாம். இன்றைய சமூக வலைத்தளங்களில் இவ்வுரிமை நிறுவனத்தின் கையில் உள்ளது. அதன் விதிகளை நாம் காண்பதில்லை. எனக்கு இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றவில்லை.

மறுமொழி எழுதும் மரபும் நமக்கு அயலன்று. பிறர் கூற்றை வரிதோறும் ஒரு கோணக்குறியிட்டு மேலே வைத்து, கீழே தம் கருத்தை எழுதுவர். மறுமொழிக்கு மறுமொழியாயின் குறி இரண்டாகும். இளம்பூரணரை உரையாசிரியர் என்று சுட்டி, அவர் கொண்ட பொருளை எடுத்துரைத்து, அது பொருந்தாதென்று சேனாவரையர் மறுக்கும் நெறி இதுவே. மடல்தோறும் தன் முன்னோரின் அடையாள எண்கள் தலைப்பில் வரிசையாய் நிற்கும். அதனைக் கொண்டே வாசிப்பான் மடல்களை மரம்போல் விரித்துக் காட்டுகின்றது. வாதம் வசையாவதும் உண்டு. அருட்பா மருட்பாக் கண்டனங்களைப் படித்தவர் அதற்கு அஞ்சார்.

குறையொன்றையும் மறையாது சொல்கிறேன். இன்று யுனிகோட் முறையில் தமிழையே தட்டெழுதி அனுப்பலாம். ஆயின் எழுத்துத்திரை தன் பரப்பை ஒத்த கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கோர் எழுத்தென வைப்பது. தமிழெழுத்துக்கள் அகலத்தில் ஒத்தன அல்ல. கெ என்பதிற் கொம்பு முன்னே தோன்றினும் கணினியில் ககரத்தின் பின்னரே பதிவாகும். கொ என்பதில் ஓரடையாளமே இருபுறமும் பிரிந்து நிற்கும். சில முனையங்கள் இதனைச் செம்மையாகக் காட்டும். பல முனையங்களிற் கொம்பு ஓரிடம், கால் ஓரிடமாகச் சிதறும். அத்தகைய முனையத்தில், முப்பதாண்டுக்கு முன் மாணவர் வகுத்த உரோம நெடுங்கணக்கே இன்றும் பிழையின்றி நிற்பது விந்தைதான்.

அந்நெடுங்கணக்கை உயர்தர வகுப்பினர்க்குப் பயிற்சியாகக் கொடுத்து வருகிறேன். முறை பேணாத எழுத்தில் கே, ஏ, எல், ஏ, ஐ என்று கரும்பலகையில் எழுதி, வந்தது என்பதைச் சேர்த்து, இதற்குப் பாடம் என்ன என்று கேட்டேன். காலை வந்தது என்றான் ஒருவன். காளை வந்தது என்றான் கடைவீதியிலிருந்து வரும் மற்றொருவன். கலை என்றாள் நடனம் பயிலும் சிறுமி. தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவி சற்றுத் தயங்கி, "களை ஐயா, மழை விட்டா மூணே நாளில வந்திரும்" என்றாள். நான்கையும் பலகையில் எழுதிவிட்டு, முன்வரியும் பின்வரியும் தெரியாமல் எதனையும் விலக்கலாகாது என்றேன். மறுநாள் அம்மாணவி கழை என்று ஐந்தாவதொன்றைக் கொணர்ந்தாள்; அகராதியில் மூங்கில் என்று கண்டாளாம்.